மிதி, கொஞ்சம் விடு, மறுபடி மிதி

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்க்கிற பெண். மதுரைக்காரி, சுறுசுறுப்பானவள். என் நாற்காலியை முதல் வாரமே மாற்றிவிட்டாள் என்று கேள்வி, அது போகட்டும்.

"சார், ரோடு டெஸ்ட் புரொசீஜர்ல ஒரு ஸ்டெப் இருக்கு. ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டே போகணும், நடுவுல கொஞ்சமா காலை எடுக்கணும், உடனே மறுபடி முழுசா மிதிக்கணும். எதுக்குன்னு யாருக்கும் தெரியல. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, காலியா கிடக்கு. புது சாஃப்ட்வேர் இது தேவையில்லைங்குது. எடுத்துடவா?"

"எடுத்துடாதம்மா."

"அப்ப காரணம் சொல்லுங்க சார். சுருக்கமா."

ஓய்வு பெற்றவனிடம் காரணமும் கேட்டு, அதைச் சுருக்கமாகவும் சொல்லச் சொல்வது அநியாயம். இரண்டு நாள் டைம் கேட்டு வாங்கிக்கொண்டு, என் இஷ்டத்துக்கு நீட்டி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றியும் பிரயோசனமில்லை, எங்கள் டிபார்ட்மெண்ட்டில் இருந்தவர்கள் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் சேலத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தவன். வந்த புதிதில் டைமிங் வைப்பதென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, டைமிங் லைட்டை அடித்துப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு கார்புரேட்டர் போயிற்று, கம்ப்யூட்டர் வந்தது, என் காதுக்கு வேலை போயிற்று. வீட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது என்பாள் என் மனைவி.

டைமிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது எந்த நேரத்தில் பொறி வைப்பது என்பதுதான் விஷயம். ஊஞ்சல் தள்ளுகிற மாதிரி. நம் பக்கம் வந்து திரும்புகிற சமயத்தில் தள்ளினால் நன்றாகப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுத் தள்ளினால் மணிக்கட்டு பிசகும். எஞ்சினுக்குப் பிசகுவதை நாங்கள் நாக்கிங் என்போம். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்கும், விட்டால் பிஸ்டனே உடையும். அதனால் நாக்கிங்கைக் கேட்டவுடன் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும். எஞ்சின் தப்பிக்கும், ஆனால் வண்டியின் இழுவை செத்துப்போகும். டர்போ வைத்த எஞ்சினில் காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளுகிறோம், ஆகவே இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இழுவையும் வேண்டும், தட்டவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

எங்கள் கம்பெனியின் முதல் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்குத் தலைமை சண்முகவேல் சார். கோவில்பட்டிப் பக்கம். ஓசூரில் எத்தனையோ வருஷம் இருந்தும் ஊர்ப் பேச்சை ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காதவர். "மழை வருது சார்" என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். யார் என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான்.

"லாக்குல இருக்கா வே?"

ஓடுகிற எஞ்சினில் நடப்பதையெல்லாம் லேப்டாப்பில் பதிவு செய்கிறோமே, அதுதான் லாக். மிதி எவ்வளவு, டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், எவ்வளவு, பொறி எப்போது, நாக்கிங் உண்டா, வண்டி எந்த இடத்தில் இருந்தது, எல்லாம் கோடு கோடாக விழும். நாங்கள் திரையில் எல்லாக் கோடுகளையும் ஒன்றாகப் பார்ப்போம். சார் பார்க்க மாட்டார். நீளமாக பிரிண்ட் எடுத்து மேஜையில் விரிப்பார். சட்டைப் பெட்டி அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருந்தார். அதைத் தாளின் மேல் வைத்தால் ஒரு கோடு மட்டும்தான் தெரியும். அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நகர்த்திக்கொண்டே போவார். முடித்துவிட்டு அடுத்த கோடு. "எல்லாத்தையும் ஒண்ணாப் பாத்தா கதை விடத் தோணும்" என்பார். அந்த அட்டையைத் தொடுகிற தைரியம் டிபார்ட்மெண்ட்டில் யாருக்கும் கிடையாது. நான் ஒரு தடவை அதில் வடையை வைத்துவிட்டேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சாமி கும்பிடுகிற ஆள் இல்லை அவர். ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் வருகிற நேரத்துக்குச் சரியாக வருவார், கடைசி வரிசையில் நிற்பார். கேட்டால், "அவரு வேலைய அவரு பாக்காரு, என் வேலைய நான் பாக்கேன்" என்பார்.

அந்த எஞ்சினை ரோட்டில் ஓட்டியவர் முனிரத்தினம். பேரிகைக்காரர். கோபம் வந்தால் தெலுங்கு பேசுவார், பயம் வந்தால் கன்னடம், லீவு கேட்க மட்டும் தமிழ். நான் பார்த்த டிரைவர்களில் அவரைப் போல மிதியைச் சீராக மிதிக்கிற ஆள் கிடையாது. ஆனால் அவர் ஏஜென்சி ஆள். எங்கள் தொழிற்சாலையில் நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை, ஏஜென்சி ஆட்களுக்கு சாம்பல் சட்டை. முனிரத்தினம் பல வருஷமாகச் சாம்பல். அந்த வருஷம்தான் அவரை நிரந்தரமாக்கச் சொல்லி ஃபைல் நகர்ந்து, சண்முகவேல் சார் கையெழுத்துக்காக அவர் மேஜைக்கு வந்திருந்தது. "மச்சான் வீட்டுக்குப் போனா, இன்னுமா சாம்பலுன்னு கேக்கறாங்க சார்" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ரோடு டெஸ்ட் நடந்தது மே மாதத்தில். எஞ்சினுக்கு வெயில் ஆகாது, அதனால்தான் மே மாதம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்குவோம். மாங்காய் சீசன். மாங்கூழ் ஃபேக்டரிகளின் முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கும். அந்த லாரிகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் நன்றாகச் சூடு ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஏ.சி. போடக் கூடாது. பேசக் கூடாது. எதையும் மெல்லக் கூடாது. மாம்பழ வாசனையை மட்டும் சாரால் தடை செய்ய முடியவில்லை. சூடு ஏறியதும் ஓசூரை நோக்கித் திரும்புவோம். சூளகிரிக்கு முன்னால் மலையேற்றம் வரும். அங்கே ஒரே கியரில், மிதியைத் தரையோடு அழுத்தி, மேலே வருகிறவரை காலை எடுக்கக் கூடாது. நான் பக்கத்தில் லேப்டாப்போடு.

தொழிற்சாலைக்குள் டெஸ்ட் செல் என்கிற அறையில் எஞ்சினைக் கட்டிவைத்து ஓட்டியபோது அது தங்கமாக ஓடியது. ரோட்டுக்கு வந்ததும் ஒரு குறை. ஏற்றத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் டக்கென்று நாக்கிங். கம்ப்யூட்டர் பயந்துபோய் பொறியைத் தாமதப்படுத்தும். வண்டி சோர்ந்துபோய், மேலே வந்து சேர்கிறவரை நிமிராது. மறுநாளும் அதே இடம். அடுத்த நாளும்.

"அந்த இடத்துல காத்து கருப்பு இருக்கு சார்" என்று யாரோ சொன்னார்கள்.

"லாக்குல இருக்கா வே?" என்றார் சார்.

பெட்ரோலை மாற்றினோம். ஸ்பார்க் பிளக்கை மாற்றினோம். காற்றுக் குழாயைக் கழற்றி மாட்டினோம். நாக்கிங் அசையவில்லை. கடைசியில் சார், "பதியுத வேகம் போதாது, கூட்டு" என்றார். கண் இமைக்கிற நேரத்தைக்கூடப் பல துண்டுகளாகப் பதியும்படி லாக்கைக் கூட்டினேன். அன்றைய பிரிண்ட்டின் மேல் சார் அட்டையை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். நாக்கிங் கோடு, பூஸ்ட் கோடு, பொறிக் கோடு. மிதிக் கோட்டுக்கு வந்தபோது அட்டை நின்றுவிட்டது.

நாக்கிங்குக்குக் கொஞ்சம் முன்னால் மிதிக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். யாரோ காலை லேசாகத் தூக்கி, உடனே மறுபடி அமுக்கியிருக்கிறார்கள். மிதியை விட்டாலும் டர்போ சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மறுபடி அமுக்கும்போது கணக்குக்கு மேல் காற்று ஒரேயடியாக உள்ளே பாயும். பொறியோ பழைய கணக்கில் வைக்கப்படும். அதனால்தான் தட்டுகிறது.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்.

"காலை எடுத்தீரா?"

"இல்லீங்க சார்."

"லாக்கு சொல்லுது."

"மிதி கெட்டிருக்கும் சார். நான் எடுக்கவே இல்ல."

மிதியை மாற்றினோம். பள்ளம் மறுநாளும் அங்கேயே இருந்தது. சார் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு முனிரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தார். "கால் எடுக்கது தப்புன்னு கூட நான் சொல்லல. எடுத்துட்டு இல்லன்னு சொல்லுத டிரைவர வச்சு நான் எப்படி வே டைமிங் வைக்க?"

முனிரத்தினத்துக்கு முகம் கறுத்துவிட்டது. முதலில் கன்னடத்தில் ஏதோ சொன்னார், பிறகு தமிழுக்கு வந்தார். "சார், எங்க குலசாமி முனியப்பன் மேல சத்தியமா சொல்றேன், நான் காலை எடுக்கல."

சார் மேஜை ஓரத்தில் இருந்த அந்த ஃபைலை எடுத்து டிராயருக்குள் வைத்தார். முனிரத்தினம் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மறுநாள் ஏற்றத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை, முனிரத்தினத்தைப் பார்த்தேன். கைகள் ஸ்டீயரிங்கில் ஆடாமல் இருந்தன. கண் ரோட்டில். வளைவு வந்தது. இடப்பக்கம் ஒரு புளியமரம், அதன் அடியில் கையில் அரிவாளோடு பெரிய மீசை முனியப்பன். லாரிக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிற இடம். அதைத் தாண்டுகிற நேரத்தில் முனிரத்தினத்தின் தாடை, கும்பிடுகிற மாதிரி, ஒரு விரல் அளவு இறங்கியது. கால் ஒரு விரல் அளவு ஏறியது. உடனே இரண்டும் பழையபடி ஆகிவிட்டன. எஞ்சின் தட்டியது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்கே தெரியாது.

சாமி முன்னால் செருப்பைக் கழற்றுகிற ஊர் இது. கழற்ற முடியாத இடத்தில் கால் தானாகவே தூக்கிக்கொள்கிறது போல. டெஸ்ட் செல்லுக்குள் ஏன் தட்டவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அங்கே முனியப்பன் இல்லை.

கண்டுபிடித்ததில் சந்தோஷம் வரவில்லை. சாரிடம் சொன்னால் முனிரத்தினம் பொய் சொன்னதாக ஆகிவிடும், நீலச் சட்டை போய்விடும். முனிரத்தினத்திடம் சொன்னால் அதைவிட மோசம். அந்த மனிதர் முனியப்பன் மேலேயே சத்தியம் செய்திருக்கிறார், முனியப்பனைப் பார்த்துத் தூக்கிய காலுக்காக! சொல்லாமல் இருந்தாலோ, சார் அந்த இடத்துக்குப் பயந்து ஏற்றம் முழுவதற்கும் பொறியைத் தாமதப்படுத்திவிடுவார். அப்புறம் வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் மலை ஏறும்போது எங்களைத் திட்டுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தேன்.

நான் யோசித்து முடிப்பதற்குள் சாரே முடிவெடுத்துவிட்டார். "நாளைக்கு நான் ஓட்டுதேன். கால் எடுக்காம ஓட்டுதது எப்படின்னு பாக்கட்டும்."

அப்படித்தான் மூன்று பேரும் போனோம். சார் ஸ்டீயரிங்கில், நான் லேப்டாப்போடு பக்கத்தில், முனிரத்தினம் பின் சீட்டில் பூனை மாதிரி. மாங்காய் லாரிகளுக்கு நடுவே வெந்தோம். பிறகு ஏற்றம். சார் மிதியைத் தரையோடு அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வளைவு வந்தது. புளியமரம் வந்தது.

சாரின் தாடை இறங்கியது.

எஞ்சின் தட்டியது. வண்டி சோர்ந்தது. மேலே வந்து சேர்கிறவரை யாரும் பேசவில்லை. புரொசீஜர்படியும் பேசக் கூடாது, நல்லவேளை.

ஆபீசுக்கு வந்ததும் சாரே பிரிண்ட் எடுத்தார். அட்டையை எடுத்து நேராக மிதிக் கோட்டின் மேல் வைத்தார். பள்ளம் இருந்தது. முனிரத்தினத்தின் பள்ளத்தைவிட ஆழமாகவே இருந்தது. பக்கத்தில் இருக்கும் இடக் குறிப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த இடத்துல என்ன வே இருக்கு?"

"முனியப்பன் சார்."

அட்டையைத் தாளிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். "எங்கப்பா லாரி ஓட்டுனாரு. நான் சின்னப் பையன்ல கிளீனர் சீட்டுல உக்காந்து போவேன்" என்றார். இரண்டு டீ வரவழைத்தார். குடித்து முடித்தபோது பழைய ஆளாகியிருந்தார்.

"மிதி சரி. டிரைவரும் சரி. நம்ம டைமிங்தான் தப்பு. இந்த ரோட்டுல போறவன் ஒவ்வொருத்தனும் எங்கயோ ஒரு இடத்துல காலை எடுப்பான். ஒருத்தன் கோயிலுக்கு, ஒருத்தன் தர்காவுக்கு, ஒருத்தன் மாட்டுக்கு. எடுக்காதன்னு அவன்ட்ட போய்ச் சொல்ல முடியுமா? எஞ்சின்தான் பொறுத்துக்கணும்."

கதவு வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டார். "முனிரத்தினத்துட்ட சொல்லாதீரு. சத்தியம் பண்ணிட்டான். தெரிஞ்சா அந்த வழியா நிம்மதியா ஓட்ட மாட்டான்."

அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வடை விஷயத்தையும் மன்னித்துவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் டெஸ்ட் செல்லுக்குள் முனியப்பனைக் கொண்டுவந்தோம். முழு மிதி, கொஞ்சம் விடு, மறுபடி மிதி. கொஞ்சமாக விட்டுப் பார்த்தோம், அதிகமாக விட்டுப் பார்த்தோம். மெதுவாக மிதித்து, வெடுக்கென்று மிதித்து, ஒவ்வொன்றிலும் காற்று எவ்வளவு கூடுதலாகப் பாய்கிறது என்று லாக்கில் அளந்தோம். பாய்கிற அந்தச் சின்ன நேரத்துக்கு மட்டும் பொறியைத் துளி தாமதப்படுத்தினோம், அடங்கியதும் உடனே திருப்பிக் கொடுத்தோம். தாமதத்தைக் கூட்டினால் வண்டி குலுங்குகிறது, குறைத்தால் தட்டுகிறது. சார் ஒவ்வொரு பிரிண்ட்டிலும் அட்டையை நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் குடும், கஞ்சத்தனம் பண்ணாதீரு" என்பார். ஏற்றம் முழுவதற்கும் இழுவை அப்படியே நின்றது.

பிறகு முனிரத்தினத்தை ஓட்டச் சொன்னோம். சார் பின் சீட்டில். புளியமரம் வந்தது, தாடை இறங்கியது, கால் ஏறியது. பொறிக் கோடு ஒரு நொடி தலை வணங்கி நிமிர்ந்தது. தட்டவில்லை. வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டு மேலே போயிற்று.

"நல்லா ஓட்டுதீரு வே" என்றார் சார். "இத்தன நாளும் எஞ்சின் மேலதான் தப்பு." முனிரத்தினம் கண்ணாடியில் பின்னால் பார்த்துத் தலையை ஆட்டினார், கண் கலங்கியிருந்தது. ஃபைல் டிராயரை விட்டு வெளியே வந்தது. நீலச் சட்டை தைத்து வந்த அன்று, ஒரு அளவு பெரிதாக இருந்தும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். புரொசீஜரில் ஒரு புது ஸ்டெப்பை சார் தன் கையாலேயே சேர்த்தார். காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

நிவேதாவுக்குப் பதில் சொல்வதற்கு முன் முனிரத்தினத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவரும் இப்போது ஓய்வில் இருக்கிறார், பேரிகையில் தக்காளி போட்டிருக்கிறார். போன் செய்து, அந்த ஸ்டெப்புக்குக் காரணம் கேட்கிறார்கள் என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலைத் தாழ்த்திவிட்டார். சுற்றிலும் தக்காளிதான், இருந்தாலும் தாழ்த்தினார்.

"சார், உங்களுக்கும் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"சண்முகவேல் சார் அன்னிக்கு ஓட்டினாரில்ல, நான் பின்னாடி இருந்து பாத்தேன். முனியப்பன் வந்ததும் அவரு காலை எடுத்தாரு சார். நெஜமா. அவருக்கே தெரியல. சாமியே இல்லேங்கற மாதிரி இருந்தவரு, பாவம். சொன்னா சங்கடப்படுவாருன்னு இன்னிக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நீங்களும் சொல்லிடாதீங்க."

"நீங்க எடுக்கலையா?"

"நானா? நான்தான் அன்னிக்கே சத்தியம் பண்ணேனே சார்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். என் மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒருவர் மானத்தை ஒருவர் இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறார்கள், நான் நடுவில் இரண்டையும் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன். இனி இறக்கி வைக்கிறேன். இரண்டு பேரும் படிக்கட்டும். சத்தியத்தைப் பற்றி முனிரத்தினம் கவலைப்பட வேண்டாம். தனக்குத் தூக்கிய காலுக்காக எந்த முனியப்பன் கோபித்துக்கொள்ளப்போகிறார்?

நிவேதாவைக் கூப்பிட்டேன்.

"டிரைவர் பழக்கம்னு போடும்மா."

"எந்த டிரைவர்னு கேப்பாங்க சார்."

"எல்லா டிரைவரும்னு போடு."

"நானும்தான் சார் அந்த ரோட்டுல டெஸ்ட் ஓட்டுறேன். நான் காலை எடுத்ததே இல்ல."

"லாக்குல இருக்கா?" என்றேன்.